1000 டாலருக்குள் ஒரு நல்ல பிஸ்டல்: அமெரிக்காவில் முதல்முறை வாங்குபவர்களுக்கு

நான் வாங்கிய முதல் பிஸ்டல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கடையில் எடுத்துப் பார்த்ததுமே, "அட, பொம்மை மாதிரி இருக்கிறதே" என்று பிடித்துப் போய், பத்து நிமிடத்தில் கார்டைத் தேய்த்துவிட்டேன். அந்த வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போய் 50 தோட்டா சுட்டதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் சிவந்து எரிந்தது. இலக்கில் விழுந்த ஓட்டைகளோ சல்லடை மாதிரி எங்கெங்கோ கிடந்தன. எட்டு மாதம் அலமாரியில் தூங்கிய பிறகு அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன். மோசமான துப்பாக்கி என்று சொல்ல முடியாது. என் கைக்கும் என் தேவைக்கும் ஒத்துவராத துப்பாக்கி, அவ்வளவுதான்.

இப்போது டெக்சாஸில் புதிதாக வாங்க நினைக்கும் நண்பர்கள் "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் விசா என்ன?

நம் ஆட்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தடை வாங்குவதோடு நிற்பதில்லை. நண்பனோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் "சும்மா நாலு தோட்டா" சுடுவதும் இந்தத் தடைக்குள் வருகிறது. வார இறுதிப் பொழுதுபோக்கு என்று நினைத்துச் செய்யும் காரியம் வழக்காகி, கிரீன் கார்டு கனவையே கலைத்துவிடும். கிரீன் கார்டு கையில் இருந்தால் இந்தத் தடை இல்லை.

கணவருக்கு எச்-1பி, மனைவிக்குக் குடியுரிமை என்றால்? மனைவி தனக்காக வாங்கலாம். கணவருக்காக வாங்கித் தன் பெயரில் கையெழுத்துப் போடக் கூடாது. இன்னொருவருக்காகப் பினாமியாக வாங்குவதற்கு 2022 சட்டத்தில் 15 ஆண்டு வரை சிறை இருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பதால் கணவர் கைக்கு எட்டாதபடி பூட்டி வைப்பதும் முக்கியமாகிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் கடைக்காரரிடம் கேட்காமல் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அப்புறம் மாநிலம். டெக்சாஸில் எளிது. கலிஃபோர்னியாவில் மாநிலம் அங்கீகரித்த மாடல்களின் பட்டியலில் உள்ளதைத்தான் கடையில் புதிதாக வாங்க முடியும். பாதுகாப்புத் தேர்வு எழுத வேண்டும், 10 நாள் காத்திருக்க வேண்டும், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் கூடு) 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. நியூஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்போருக்கான மாநில அடையாள அட்டை. நியூயார்க்கில் வீட்டில் வைத்திருக்கவே உரிமம். ஆகவே மாடலை மனதில் முடிவு செய்வதற்கு முன் உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

எதற்காக வாங்குகிறீர்கள்?

வீட்டுப் பாதுகாப்பு, ரேஞ்சில் பயிற்சி, இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்வது. இந்த மூன்றும் மூன்று வேறு துப்பாக்கிகளைக் கேட்கும். வீட்டுக்கும் ரேஞ்சுக்கும் என்றால் பெரியது நல்லது. கனம் கூடக் கூட உதைப்பு குறையும், குழல் நீளம் கூடினால் குறி பார்ப்பது எளிதாகும். மறைத்துச் செல்ல என்றால் சிறியது வேண்டும். ஆனால் சிறியதைச் சுடுவது கடினம். தொடக்கக்காரருக்குச் சின்னத் துப்பாக்கிதான் சரி என்பது கடைகளில் உலவும் பெரிய தவறு. பெண்கள் உள்ளே நுழைந்ததும் குட்டியாக, கலர் கலராக ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அதைச் சுட்டுப் பார்த்தவர் இரண்டாம் முறை ரேஞ்சுக்கு வரவே மாட்டார்.

முதல் துப்பாக்கி நடுவாந்திர அளவில் இருக்கட்டும். க்ளாக் 19 என்ற பிரபல மாடலின் அளவு: குழல் 4 அங்குலம், காலி மேகசினோடு 670 கிராம் சொச்சம், மேகசினில் 15 தோட்டா. ஏறத்தாழ எல்லா வேலைக்கும் ஒத்துவரும். இடுப்பில் செருக வேண்டிய நாள் வந்தால் இதையே செருகுபவர்களும் நிறைய.

வாங்கவே வேண்டாம் என்ற பதிலும் ஒரு பதில்தான். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், பதின்ம வயதுப் பிள்ளை ஒரு மோசமான காலத்தைக் கடந்துகொண்டிருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடுங்கள். இருப்பதையும் கொஞ்ச காலம் வீட்டுக்கு வெளியே வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

1000 டாலரைப் பங்கு போடுவது

1000 டாலர் என்றதும் 900 டாலர் துப்பாக்கியைத் தேடாதீர்கள். என் கணக்கு இது. துப்பாக்கி 500. டெக்சாஸில் பெரும்பாலான ஊர்களில் விற்பனை வரி 8.25 சதவீதம், அது 41. விரல் ரேகையோ எண் பூட்டோ உள்ள இரும்புப் பெட்டி 100. பயிற்சித் தோட்டா 500, ஒன்று 25 முதல் 30 சென்ட் வீதம் 140. தொடக்கநிலை வகுப்பு 100. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு 50. கூடுதல் மேகசின் ஒன்று 30, துடைக்கும் சாமான் 20. மொத்தம் 981. மிச்சத்துக்கு ரேஞ்ச் வாசலில் ஒரு காப்பி.

இந்த எண்கள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். விகிதம் மாற வேண்டாம்: பணத்தில் பாதி துப்பாக்கிக்கு, மறுபாதி அதைச் சுடவும் பூட்டவும். 500 டாலருக்கு வாங்கி 500 தோட்டா சுட்டுப் பழகியவர், 1500 டாலர் துப்பாக்கியை டப்பாவுக்குள் வைத்திருப்பவரைவிட நன்றாகச் சுடுவார். 500க்கு மேல் போகும் ஒவ்வொரு 100 டாலரும் உங்களுக்கு வாங்கித் தருவது கொஞ்சம் மென்மையான டிரிகர், கொஞ்சம் அழகான பூச்சு. நம்பகத்தன்மை 400 முதல் 600 டாலருக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

காலிபர் (தோட்டாவின் விட்டம்): விவாதம் தேவையில்லை

9 எம்எம். இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம் என்றாலும் கதை சுவையானது. 1902இல் ஜெர்மனியில் ஆஸ்திரியரான கேயார்க் லூகர் உருவாக்கிய தோட்டா இது. 1986இல் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஆட்கள் இருவர் இறந்தபோது, 9 எம்எம் போதாது என்று முடிவு கட்டினார்கள். முதலில் 10 எம்எம், பிறகு பாயின்ட் 40 (இது அங்குலக் கணக்கு) என்று மாறினார்கள். பல போலீஸ் துறைகளும் பின்னாலேயே ஓடின. 2010களில் எஃப்பிஐ திரும்பவும் 9 எம்எம்முக்கே வந்தது. தோட்டாத் தொழில்நுட்பம் மேம்பட்டதால் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, உதைப்பு குறைவு, ஆட்கள் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்பது காரணம். உங்களுக்கும் அதே காரணங்கள்தான், கூடவே விலையும். பாயின்ட் 45 தோட்டாவுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

இங்கே சொல்லும் பிஸ்டல்கள் எல்லாம் செமி ஆட்டோமேட்டிக். அதாவது டிரிகரை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா. வெடிப்பின் விசையில் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் போகும். காலிக் கூட்டை வெளியே எறியும். ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏற்றும். இன்றைய 9 எம்எம் பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஜான் பிரவுனிங் நூறு வருடத்துக்கு முன் வகுத்த முறையில்தான் இயங்குகின்றன: குழல் ஸ்லைடோடு பூட்டிக்கொண்டு சிறிது தூரம் பின்னால் போய், பின்பக்கம் தாழ்ந்து பூட்டு விலகும்.

கடையில் உங்கள் காதில் விழப்போகும் இரண்டு சொற்கள் ஸ்டிரைக்கர், ஹேமர். ஸ்டிரைக்கர் வகையில் குத்தூசி உள்ளேயே ஸ்பிரிங்கோடு இருக்கும். ஒவ்வொரு முறையும் டிரிகர் ஒரே மாதிரி இழுபடும். க்ளாக், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி எல்லாம் இந்த வகை. ஹேமர் வகையில் பின்னால் ஒரு சுத்தியல் தெரியும். செக் நாட்டு சிஇசட் 75, அமெரிக்க ராணுவம் 1985இல் எடுத்துக்கொண்ட பெரெட்டா 92 போன்றவற்றில் முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும், அடுத்தவை குறுகலாகவும் இருக்கும். அழகான இயந்திரங்கள். ஆனால் இரண்டு வகை இழுப்பைப் பழக வேண்டும் என்பதால் முதல் துப்பாக்கிக்கு ஸ்டிரைக்கர் எளிது. 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவ மாடல்மேல் ஆசை இருந்தால் இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். மலிவான 1911 சில நேரம் தோட்டாவைத் தேர்ந்து சாப்பிடும், எல்லா வகையும் தடங்கலில்லாமல் ஏறாது.

கையில் பிடித்துப் பார்ப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விற்பனையாளரிடம் மூன்று நான்கு மாடல் கேளுங்கள். அவர் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, காலி என்று காட்டிவிட்டுத்தான் தருவார். தந்த பிறகும் நீங்கள் ஒரு முறை பாருங்கள். இது அவமரியாதை ஆகாது, இதுதான் முறை. குழல் முனை எந்த மனிதரையும் நோக்கக் கூடாது. டிரிகரைச் சோதிக்க வேண்டுமென்றால், "காலியாக இழுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு இழுங்கள்.

கைப்பிடியின் பின்பக்க மேல்வளைவில் கட்டைவிரல் இடுக்கு நன்றாக மேலேறி உட்கார வேண்டும். அப்படிப் பிடித்தபடி குழல் உங்கள் முன்கையோடு நேர்கோட்டில் இருக்கும்போது, ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை டிரிகரில் படிய வேண்டும். நுனி மட்டும் தொட்டால் கைப்பிடி உங்களுக்குப் பெரிது. கணு வரை உள்ளே போனால் சிறிது. மேகசினை விடுவிக்கும் பொத்தான் பிடியை அதிகம் மாற்றாமல் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா? சுண்டுவிரலுக்கு இடம் இருக்கிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா? என் முதல் துப்பாக்கியில் தொங்கியது. எல்லாத் தொல்லைக்கும் அதுவே ஆரம்பம். பல மாடல்களில் கைப்பிடியின் பின்தகட்டை மாற்றலாம். பெட்டியில் இரண்டு மூன்று அளவு வரும், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து ஸ்லைடை இழுத்தல். என் மனைவியால் முதலில் முடியவில்லை. "எனக்குக் கையில் பலமில்லை, விடுங்க" என்றாள். வகுப்பெடுத்த பெண்மணி முறையைச் சொல்லிக்கொடுத்தார். இழுக்கிற கையை அசைக்காமல் மேலிருந்து ஸ்லைடை இறுகப் பற்றிக்கொண்டு, துப்பாக்கி பிடித்த கையை முன்னால் தள்ள வேண்டும். உடம்புக்கு அருகில் வைத்துச் செய்ய வேண்டும். பத்து முறையில் வந்துவிட்டது. உண்மையிலேயே மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி மாதிரி இழுக்க லேசாகவே செய்யப்பட்டவை இருக்கின்றன. 2018இல் பாயின்ட் 380லும் 2020இல் 9 எம்எம்மிலும் வந்தது.

கடையில் பிடிப்பது பாதி. மீதி ரேஞ்சில். வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுகள் பெரிய ஊர்களில் எல்லாம் உண்டு. 15, 20 டாலர் ஆகும். பல இடங்களில் ஒரே கட்டணத்தில் மாற்றி மாற்றி எடுக்க விடுவார்கள். மூன்று மாடல் எடுத்து ஒவ்வொன்றிலும் 30 தோட்டா, 7 கஜத்தில், நிதானமாக. ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் வைத்து, எந்தத் துப்பாக்கி என்று ஓரத்தில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிவு தானாகத் தெரியும். கடையில் ஆசைப்பட்ட துப்பாக்கியும் தாள் காட்டும் துப்பாக்கியும் ஒன்றாக இருக்காது, எனக்கு இருக்கவில்லை. உங்களுக்குப் பிடித்தது எது என்பதை விட்டுவிட்டு, ஓட்டைகள் எதில் நெருக்கமாக விழுந்தன என்று பாருங்கள்.

சரி, பெயர்களுக்கு வருவோம்

க்ளாக் 19 ஆஸ்திரியாக்காரர்களின் 1988 மாடல். 500 முதல் 600 டாலர். அழகில்லை, டிரிகரும் சுமார்தான். ஆனால் உதிரிபாகம், மேகசின், ஹோல்ஸ்டர் (இடுப்பில் மாட்டும் உறை) எதுவானாலும் முதலில் இதற்குத்தான் கிடைக்கும். விற்றாலும் நல்ல விலை போகும். ஒரு எச்சரிக்கை: துடைக்கப் பிரிக்கும்போது டிரிகரை இழுத்தே ஆக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் இழுத்துத் தன் சுவரையே சுட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட், என் இப்போதைய துப்பாக்கி. 500 டாலரை ஒட்டி. கைப்பிடியின் சாய்வு எனக்கு இயல்பாக அமைந்தது. டிரிகரை இழுக்காமலே பிரிக்க ஒரு சின்ன நெம்பு உண்டு. சொரசொரப்பு மட்டும் கொஞ்சம் அதிகம், வெறும் வயிற்றில் உரசினால் உப்புத்தாள் மாதிரி.

சிஇசட் பி-10 சி இந்த விலைக்கு நல்ல டிரிகர். துருக்கியின் கானிக் இன்னும் மலிவு, 400ஐ ஒட்டிக் கிடைக்கும், டிரிகர் இந்தப் பட்டியலிலேயே மென்மையானது. ஆனால் ஹோல்ஸ்டர் தேட வேண்டியிருக்கும். ரூகர் ஆர்எக்ஸ்எம் 2024 கடைசியில் வந்தது. க்ளாக் மேகசினையே ஏற்கும் என்பது அதன் பெரிய பலம்.

மறைத்துச் செல்லத்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் 2018இல் சந்தையைப் புரட்டிப்போட்ட சிக் சாயர் பி365, 500 கிராம், 10 தோட்டா. அல்லது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு பிளஸ். இரண்டையும் வாடகைக்குச் சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். நான் பட்டது போதும்.

பிரேசிலின் டாரஸ் ஜி3 வகை 300 டாலருக்குள் கிடைக்கிறது. பணம் உண்மையிலேயே அவ்வளவுதான் என்றால் தவறில்லை. இன்னும் மூன்று மாதம் சேர்த்து வைக்க முடியுமானால் சேர்த்து வையுங்கள்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. போலீஸ் துறைகள் புதிது வாங்கும்போது பழையதைக் கடைகளுக்குக் கொடுத்துவிடும். பாயின்ட் 40 க்ளாக் 22 எல்லாம் 300 டாலரை ஒட்டி இப்படித்தான் வருகின்றன. உறையில் உரசி உரசி வெளியே பூச்சு போயிருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்கமாட்டார்கள். உதைப்பும் தோட்டா விலையும் கூடுதல் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஒளிரும் சைட் (குறி பார்க்கும் முனை) இருந்தால் அதற்குத் தனி விலை கொடுக்க வேண்டாம். அதை ஒளிர வைக்கும் டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம்தான், பாதி மங்கியிருக்கும்.

காலி என்று உறுதி செய்து, ஸ்லைடைக் கழற்றித் தரச் சொல்லி, குழலை வெளிச்சத்துக்கு எதிரே பின்பக்கமாகப் பாருங்கள். உள்வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் வளையம் மாதிரி நிழல் தெரிந்தால், எப்போதோ குழலுக்குள் தோட்டா மாட்டி வீங்கியிருக்கிறது, வேண்டாம். காலிக் கூடு வெளியேறும் வாய் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா, ஸ்லைடு ஓடும் தண்டவாளம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் விலையே கேட்காமல் வெளியே வந்துவிடுங்கள். தனிநபரிடம் வாங்கினாலும் ஒரு கடை மூலமாகப் பின்னணிச் சோதனையோடு மாற்றிக்கொள்ளுங்கள். 25, 50 டாலர் ஆகும், பிற்பாடு நிம்மதியாகத் தூங்கலாம்.

பெட்டி முதலில் வீட்டுக்கு வரட்டும்

துப்பாக்கிக்கு முன்பே பூட்டுப் பெட்டியை வாங்கி, படுக்கையறையில் எதோடாவது திருகி முடுக்கிவிடுங்கள். நம் வீடுகளில் நவராத்திரி கொலுவுக்கு 30 பேர் வருவார்கள், பிள்ளைகள் மாடி முழுக்க ஓடுவார்கள். "மேல் அலமாரியில் துணிக்கடியில் இருக்கிறது" என்பது ஒளித்து வைத்ததாக ஆகாது. கடையில் கைத்துப்பாக்கியோடு ஒரு கேபிள் பூட்டு தருவது சட்டப்படியான வழக்கம். வீட்டுக்கு அது மட்டும் போதாது.

கவுண்டரில்

கடை மூலம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதுவும் நீங்கள் வசிக்கும் மாநிலத்தில். இணையத்தில் வாங்கினாலும் உள்ளூர்க் கடைக்குத்தான் வரும். பின்னணிச் சோதனைக்காக 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரி இப்போதைய முகவரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இப்போதைய முகவரி காட்டும் வேறொரு அரசு ஆவணம் வேண்டும். வீடு மாறிவிட்டு உரிமத்தை மாற்றாமல் போய்த் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். கிரீன் கார்டுக்காரர்கள் கார்டையும் கொண்டுபோங்கள், அதிலுள்ள ஏலியன் எண் படிவத்துக்குத் தேவை. சோதனை சில நிமிடத்தில் முடியலாம், தாமதம் என்றும் வரலாம். நம் பெயர்களில் எது முதற்பெயர், எது அப்பா பெயர் என்ற குழப்பம் இங்கேயும் துரத்தும். கார்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

முதல் 200 தோட்டா

புதுத் துப்பாக்கியில் தொழிற்சாலை எண்ணெய் பூசியிருக்கும். துடைத்து, கையேட்டில் காட்டிய இடங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு ரேஞ்சுக்குப் போங்கள். சாதாரண 115 கிரெய்ன் (தோட்டா எடையின் அளவு) பயிற்சித் தோட்டா 200 சுடுங்கள். அப்புறம் வீட்டில் வைக்கப்போகும் குழிமுனைத் தோட்டா (ஹாலோ பாயின்ட்) ஒரு டப்பா. அது அந்தத் துப்பாக்கியில் தடங்கலில்லாமல் ஏறுகிறது என்று பார்க்காமல் நம்பக் கூடாது. எந்தத் தோட்டாவானாலும் இங்குள்ள அட்டைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். எந்தத் திசையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்து வையுங்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டால் உடனே துப்பாக்கியைத் திட்டாதீர்கள். மணிக்கட்டைத் தளர்வாக விட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கும். இல்லையென்றால் மேகசின். அதனால்தான் ஒவ்வொரு மேகசினின் அடியிலும் மார்க்கரால் 1, 2 என்று எண் போடச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் 2இல் மட்டும் மாட்டினால் 30 டாலரோடு பிரச்சினை முடிந்தது. இரண்டிலும், வேறு பிராண்ட் தோட்டாவிலும் மாட்டினால் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள், உத்தரவாதம் அதற்குத்தான். ரேஞ்சிலிருந்து கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயத் தூசி. அந்தக் கையோடு காரில் வைத்திருக்கும் முறுக்கைத் தொடாதீர்கள்.